விழப் பழகுகிற மருமகளுக்கு

சுன்னாகம்,
14.09.2025

என்ர அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிட்டுப் போகாமல், கொப்பித் தாளில் தமிழில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாய். எழுத்துப் பிழைகளை நான் எண்ணவில்லை. வாத்தி வேலையிலிருந்து இளைப்பாறிக் கனகாலம் ஆகிவிட்டது. எண்ணாமலே கண்ணில் பட்டவற்றை அடுத்த போனில் சொல்கிறேன்.

நீ கேட்டது இரண்டு. வங்கி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ரெஸ்லிங்கில் இறங்கலாமா என்பது ஒன்று. அம்மாவோடு நான் கதைக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டாவது ஏற்கெனவே நடந்துவிட்டது. அதைக் கடைசியில்தான் சொல்லுவேன். முதலிலேயே சொன்னால் மிச்சத்தை நீ வாசிக்க மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும்.

கொம்மா போனில் என்னிடம் சொன்ன முதல் வசனம் இது: “அண்ணை, இவள் ஆம்பிளையள் மாதிரி சண்டைக்குப் போறாளாம், அதுவும் பொய்ச் சண்டைக்கு!” இரண்டு குற்றச்சாட்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. மெய்ச் சண்டை என்றால் காயத்துக்குப் பயப்படலாம், பொய்ச் சண்டை என்றால் மானத்துக்குப் பயப்படலாம். அவ இரண்டுக்கும் சேர்த்து அழுதா. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் பிறகு யோசித்தபோது அவ சொன்னதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. வெற்றி தோல்வி முன்கூட்டியே பேசி வைத்தது, விழுகிற விழுகை மெய்யானது. உன் தொழில் அதுதானே?

இதில் மறைக்க எதுவும் இல்லை. 1989 இலேயே வின்ஸ் மக்மானின் கொம்பனி நியூ ஜேர்சி மாநில செனற் சபையிடம், எங்களுடையது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று தானாகவே சொல்லிவிட்டது. உண்மை பேசும் ஆசையில் சொல்லவில்லை. விளையாட்டு ஆணைக்குழுவின் கட்டுப்பாடும் வரியும் தங்கள் தலையில் விழாமல் இருக்கத்தான் சொன்னார்கள். அதற்கு இருபது வருடம் கழித்து, 2009 ஆனி 13 இல், ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து றிங்கில் மிட்சுஹாரு மிசாவா என்ற பெரிய வீரர், முதுகுப்புறமாகத் தூக்கிப் போடும் ஒரு பிடியில் விழுந்தார். வாழ்நாள் முழுக்க வாங்கிப் பழகிய பிடி அது. அன்றைக்கு எழும்பவில்லை. 46 வயது. ஆகையால் அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்காக “எல்லாம் நடிப்புத்தான் அம்மா” என்று மட்டும் சொல்லிவிடாதே. அவவை ஏமாற்றுவது ஒரு பக்கம், அப்படிச் சொல்லிச் சொல்லி நீயே நம்பத் தொடங்கிவிடுவாய். அதுதான் ஆபத்து.

பொய்ச் சண்டையைப் பார்த்துச் சனம் ஏன் கத்துகிறது என்று அம்மா கேட்டால், வி. வி. வைரமுத்துவை ஞாபகப்படுத்து. உனக்கு அவரைத் தெரிய நியாயமில்லை. காங்கேசன்துறைக்காரர். நடிகமணி என்று பட்டம் கொடுத்தார்கள். வசந்த கான சபா என்று சொந்தக் குழு வைத்திருந்தார். அவருடைய அரிச்சந்திர மயான காண்டம் இந்தக் குடாநாட்டில் ஏறாத கோயில் வீதி குறைவு. நானும் கொம்மாவும் எங்கள் அம்மாவின் மடியில் இருந்து அதைப் பார்த்த பிள்ளைகள். கதை எல்லோருக்கும் தெரியும். சந்திரமதியின் கழுத்தில் வாள் இறங்காது, லோகிதாசன் எழும்புவான், போன நாடு திரும்பி வரும். போன வருடத் திருவிழாவிலும் இதே ஆள் இதே பாட்டைத்தான் பாடினார் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நடுச்சாமத்தில் மண்ணில் பாய் விரித்துக் குந்தியிருந்து அழுதார்கள். கொம்மா என்னைவிடக் கூட அழுதவ.

வைரமுத்துவை நான் இழுத்து வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ “இன்டிபென்டன்ற்” என்று ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருக்கிறாய். மாதச் சம்பளம் இல்லை, நிரந்தர முதலாளி இல்லை, ஊர் ஊராக அழைப்பு வரும், அச்சாரம் வாங்கவேண்டும், உடுப்புப் பெட்டியைத் தானே சுமக்கவேண்டும், சீசன் முடிந்தால் கை வெறுங்கை. எங்கள் கூத்துக்காரரும் நாடகக்காரரும் மேளக்காரரும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சீவித்தார்கள். அவர்களில் பிழைத்தவர்கள் யார்? திருவிழா உபயகாரர் வந்து “ஒரு நாடகம் போடவேணும்” என்று கேட்காமல், “வைரமுத்துவைப் போடவேணும்” என்று கேட்ட ஆட்கள். வங்கி வேலையை எப்போது விடலாம் என்ற உன் கேள்விக்கு என்னிடம் உள்ள அளவுகோல் அதுதான். ரிக்கற் வாங்குகிறவன் ரெஸ்லிங் பார்க்க வருகிறானா, உன்னைப் பார்க்க வருகிறானா? முதலாவது என்றால் வேலை இருக்கட்டும்.

உனக்கு முன்னால் இந்தத் தொழிலைச் செய்த ஆசியாக்காரரின் கதையும் கொஞ்சம் கேள். என்ர பெரியப்பா மலாயன் றெயில்வேயில் இருந்து பென்சனோடு வந்தவர். அவருடைய கதைகளில் பாதி சிங்கப்பூர் ஹாப்பி வேர்ல்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் நடந்த மல்யுத்தம். அங்கே ராசா கிங்காங். ஹங்கேரியிலிருந்து வந்த எமில் சாஜா என்ற மனிசன்தான் அந்தப் பெயரில் ஆடினார். உடம்பு ஒரு மலை. அதே சிங்கப்பூருக்கு 1940 களின் கடைசியில் பஞ்சாபிலிருந்து பிழைப்புத் தேடிப் போன ஒரு பெடியன், தொழிற்சாலை வேலை செய்துகொண்டே பயிற்சி எடுத்தான். அவன்தான் தாராசிங். பிறகு இரண்டு பேரும் ஆசியா முழுக்க, எங்கள் கொழும்பு உட்பட, எதிரெதிராக ஆடினார்கள். 1968 இல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் எடுத்தார் தாராசிங். படங்களில் நடித்தார், ரி.வி. ராமாயணத்தில் அனுமாராக வந்தார், ராஜ்யசபை உறுப்பினராகவும் இருந்தார். கிங்காங்கின் முடிவு வேறு. 1970 இல் கார் விபத்தொன்றில் பட்ட காயத்தால் சிங்கப்பூரில் செத்துப்போனார். அத்தனை பேர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டும் சாகாத ஆளை ஒரு றோட்டு கொன்றது. நீ சனிக்கிழமை ஆட்டம் முடித்து நடுச்சாமத்தில் ஒட்டாவாவிலிருந்து நித்திரை முழித்துக் காரோட்டி வருவதாக எழுதியிருக்கிறாய். றிங்கைப் பற்றி அம்மா பயப்படட்டும், நான் அந்த 401 நெடுஞ்சாலையைப் பற்றித்தான் பயப்படுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து மாறி மாறி ஓடுங்கோ, இல்லாவிட்டால் எங்கேயாவது படுத்து எழும்பி வாருங்கோ.

இனி, நீ கடிதத்தின் நடுவில் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எழுதிய ஒரு விஷயம். உன்னை ஆட்டத்துக்கு எடுக்கிற ஒருவர் உனக்கு “தமிழ் டைகிரஸ்” என்று பெயர் வைத்து, மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட உடுப்பும் தரப்போவதாகச் சொன்னார் என்கிறாய். “பெயர் நல்லாத்தானே இருக்கு மாமா?” என்று கேட்டிருக்கிறாய்.

அந்த மனிசனில் பிழை பிடிக்க மாட்டேன். அவருக்கு எங்கள் வரலாறு தெரிந்திருக்காது. காட்டுப் புலியைத்தான் நினைத்திருப்பார். இந்தத் தொழிலில் நிறமுள்ளவர்களுக்கு இப்படித்தான் வேசம் கிடைக்கிறது. டைகர் ஜீத் சிங்கைப் பார். பஞ்சாபிலிருந்து கனடாவுக்கு வந்து, தலைப்பாகையும் வாயில் கவ்விய வாளுமாக ஆடி, 1970 களில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப் கார்டன்ஸை நிறைத்தவர். ஜப்பானில் 1973 இல், ரோக்கியோவின் ஷின்ஜுகு கடைத்தெருவில், பகல் வெளிச்சத்தில், கடைக்கு வந்த அந்தோனியோ இனோக்கி மேல் பாய்ந்து அடித்தார். ஊரே அவரை வெறுத்தது, அந்த வெறுப்பால் ரிக்கற் விற்றது. அதே ஆளின் பெயரில் இன்றைக்கு உங்கள் மில்ற்ரனில் ஒரு ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. அவருக்குப் புலி ஒரு மிருகம், அவ்வளவுதான். அந்த வேசம் அவருக்குப் பொருந்தியது, அவரே அதை ஆண்டார்.

எங்களுக்குப் புலி மிருகம் மட்டும் இல்லை, பிள்ளை. எங்கள் ஒழுங்கையில் நடந்து போனால், விறாந்தைச் சுவரில் இளம் பிள்ளைகளின் படம் தொங்குகிற வீடுகளை நீ காண்பாய். ஒரு வீட்டில் அந்தப் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறார்கள். இன்னொரு வீட்டில், கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன பிள்ளையை நினைத்து இன்னமும் திட்டுகிறார்கள். சில இடத்தில் இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறது. நாங்களே எங்களுக்குள் கதைத்து முடிக்காத விஷயத்தை, ஸ்காபுரோவில் ஒரு மண்டபத்தில் பியர் குடித்துக்கொண்டு கத்துகிற சனத்துக்கு முன்னால் வரி போட்ட காற்சட்டையாக உடுத்திக்கொண்டு நிற்க உனக்கு என்ன அவசரம்? வெற்றி பெற்றால் ஒரு பகுதிக்கு நோகும், தோற்றுக் கிடந்தால் மற்றப் பகுதிக்கு நோகும். நீ வாரா வாரம் யாரோ எழுதிக் கொடுத்தபடி வெல்லவும் தோற்கவும் போகிறவள்.

அது மனதுக்கு. புத்திக்கும் ஒரு காரணம் சொல்கிறேன். அமெரிக்கா விடுதலைப் புலிகள் இயக்கத்தை 1997 இல் தடைப் பட்டியலில் போட்டது, கனடா 2006 இல் போட்டது. பஃபலோ எல்லையில் “தமிழ் டைகிரஸ்” என்று அச்சடித்த ரீசேர்ட் பெட்டியோடு போய் நின்று, “இல்லை ஐயா, இது ரெஸ்லிங்” என்று விளக்கம் சொல்லிப் பார். எல்லை என்றபடியால் இதையும் கேள்: அமெரிக்காவில் காசுக்கு ஆடுவதென்றால் கனடாப் பாஸ்போட் மட்டும் போதாது, அதற்கு முறையான வேலை விசா வேண்டும். “சும்மா சிநேகிதரைப் பார்க்கப் போறன்” என்று சொல்லிப் போய்ப் பிடிபட்டால், பிறகு வருடக் கணக்கில் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாமல் போகலாம்.

சரி, வேறு என்ன வேசம்? நீ என்னிடம் யோசனை கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாமியாகப் போ. காஞ்சிபுரம் சேலை, குங்குமப் பொட்டு, கையில் கைப்பை. றிங்குக்கு வரும் வழியில் முன்வரிசையில் இருக்கிற பெடியளை நிறுத்தி, “என்ன வேலை? சம்பளம் எவ்வளவு? ஏன் இன்னும் கலியாணம் முடிக்கேல்லை?” என்று கேட்டுக்கொண்டு வா. எதிராளியை மேலும் கீழும் பார்த்து “மெலிஞ்சு போனாய்” என்று சொல். அந்த மண்டபத்தில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் உன்னை உடனே வெறுப்பார்கள். றியா றிப்ளி என்ற பெரிய வீராங்கனையையும் அங்கே மாமி என்றுதான் கூப்பிடுகிறார்களாம் என்று உன் தம்பி சொன்னான். அது வேறு மாமி, இந்த மாமியைப் பார்த்தால் அவளும் ஒதுங்குவாள். பகிடிக்குச் சொல்கிறேன் என்று நினையாதே. கெட்ட ஆளாக ஆடுவதில் வெட்கம் இல்லை. சூரனாக ஆடுகிறவனுக்குத்தான் எப்போதும் வேலை கூட, கலையும் கூட. ஆனால் அந்தக் கெட்டவள் உனக்குத் தெரிந்த ஆளாக இருக்கவேண்டும்.

எந்தப் பெயரானாலும் அது உன்னுடையதாக இருக்கட்டும். டட்லி சகோதரர்கள் என்ற புகழ் பெற்ற சோடி 2005 இல் வின்ஸ் மக்மானின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. யை விட்டு வெளியே வந்தபோது, அந்தப் பெயர் கொம்பனியின் சொத்து என்று சொல்லிவிட்டார்கள். வருடக் கணக்கில் மேசைகளை உடைத்து உழைத்த பெயரை வாசலில் வைத்துவிட்டு, ரீம் 3டி என்று புதுப் பெயரில் தொடங்கவேண்டி வந்தது. நீ பெயரைப் பதிவு செய்து வை. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் பெயர் யாருக்கு, வீடியோ யாருக்கு என்ற இரண்டு வரியைத் தேடிப் படி.

காசுக் கதைக்கு வருகிறேன். மார்க்கம் நகரத்தில் கணக்காளராக இருக்கிற உன் சித்தப்பாவைக் கேட்டேன். சுயதொழில் என்றால் சி.பி.பி. ஓய்வூதியத்துக்கு முதலாளியின் பங்கையும் நீயே கட்டவேண்டும். வருமானம் வருடத்துக்கு 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. விற்பனை வரிக்குப் பதியவேண்டும். கை முறிந்து வீட்டில் இருந்தால் வேலையின்மைக் காப்புறுதி தானாக வராது. ஆஸ்பத்திரிக்கு ஒன்ராரியோ அரசு பார்க்கும், வாடகையை யார் பார்ப்பது? பயணச் செலவு, உடுப்பு, பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வைத்திரு என்று சித்தப்பா இரண்டு தடவை சொன்னார். முப்பதாயிரத்தைத் தாண்டுகிற கவலை உனக்கு இப்போதைக்கு வராது என்றும் சொன்னார். அந்த ஆளுக்குப் பகிடி விட வராது, ஆனபடியால் உண்மையாகத்தான் சொல்லியிருப்பார்.

பெரிய கொம்பனியில் சேர்ந்தால் இதெல்லாம் தீரும் என்று நினைக்கிறாயா? அங்கேயும் வீரர்களை ஒப்பந்தகாரராகத்தான் கணக்கெடுக்கிறார்கள், ஊழியராக இல்லை. போன ஆடி மாதம் ஹல்க் ஹோகன் என்ற வீரர் செத்த செய்தி வந்தபோது உன் தம்பி துக்கத்தில் இருந்தான். நான் வேறொன்றை நினைத்தேன். 1986 இல் ஜெசி வென்ச்சுரா என்ற வீரர் எல்லோரையும் சேர்த்துத் தொழிற்சங்கம் அமைக்கப் பார்த்தார். அந்தக் கதையை முதலாளி வின்ஸ் மக்மானிடம் போய்ச் சொன்னது ஹோகன்தான் என்று முதலாளியே பிறகு சத்தியம் செய்து சாட்சியம் சொன்னார். சங்கம் இன்றுவரை இல்லை. நான் ஆசிரியர் சங்கத்தில் இருந்தவன், எனக்கு இது வயிற்றெரிச்சல்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். யங் பக்ஸ் என்ற இரண்டு சகோதரர்கள் டபிள்யூ.டபிள்யூ.ஈ. இல்லாமலே, சொந்த யூரியூப் நிகழ்ச்சியும் ரீசேர்ட் வியாபாரமும் வைத்துப் பெயர் எடுத்தார்கள். 2018 புரட்டாதி 1 இல் கோடி றோட்ஸோடு சேர்ந்து சிக்காகோவுக்குப் பக்கத்தில் தாங்களே ஒரு மண்டபத்தை எடுத்து ஆட்டம் வைத்தபோது, பதினோராயிரத்துக்கு மேல் சனம். ரிக்கற் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அதிலிருந்துதான் அடுத்த வருடம் ஏ.ஈ.டபிள்யூ. என்ற புதுக் கொம்பனியே பிறந்தது. இது நடக்கிற காரியம்தான். ஆனால் அவர்கள் அந்த இடத்துக்கு வரப் பதினைந்து வருடம் போல உழைத்தவர்கள். உனக்கு ஆட்டத்துக்குக் கிடைக்கிற காசு பெற்றோலுக்கே காணாது, மேசை போட்டு ரீசேர்ட்டும் படமும் விற்றுத்தான் மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். அந்த மேசையை அவமானமாக நினையாதே. ஆட்டம் முடிந்து களைப்பாக இருந்தாலும் அதிலே நின்று ஒவ்வொருவரோடும் கதை. நான் மேலே சொன்ன அளவுகோலை அங்கேதான் பார்க்கலாம்.

உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், முதல் மாதங்களில் அவர்கள் ஒரு பிடியும் காட்டித் தராமல் விழ மட்டுமே பழக்கினார்கள் என்று அலுத்துக்கொண்டது. அந்தப் பயிற்சியாளர் நல்லவர். அவரை விடாதே. மல்லாக்க விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டவேண்டும், பின்மண்டை நிலத்தைத் தொடவே கூடாது. மூச்சு வெளியே போகவேண்டும். இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து உள்ளங்கையால் அடிக்கவேண்டும். முதுகின் மேற்பாதி முழுவதும் ஒரே கணத்தில் படவேண்டும். ஜூடோவிலும் முதல் பாடம் இதுதான். விழுகிற பாரம் குறையாது, அது பரவுகிற இடம் கூடும், அவ்வளவுதான் விஷயம். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். மனிசனுக்கு அது இயற்கையாக வருகிற பழக்கம், அதை மறக்கவைக்கத்தான் அத்தனை மாதம். கன்வசுக்குக் கீழே மெல்லிய ஸ்பொஞ்சும் பலகையும் இரும்புச் சட்டமும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் ஒரு விழுகையும் இலவசம் இல்லை. தேவையில்லாத இடத்தில் விழாதே. தலை நிலத்தில் பட்டு ஒரு கணம் கண் இருண்டால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம், அடுத்த கிழமையும் வேண்டாம். கிறிஸ் நொவின்ஸ்கி என்று ஹார்வார்ட்டில் படித்த ஒரு ரெஸ்லர், மூளையதிர்ச்சியால் ஆட்டத்தை விட்டு, 2007 இல் அதைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அவருடைய பேச்சுகளைத் தேடிப் பார்.

மாமா மருமகளுக்கு எழுதச் சங்கடமான ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். 2020 ஆனியில் பிரித்தானியாவில் தொடங்கி, பயிற்சிப் பட்டறைகளிலும் ஆட்டங்களிலும் தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை ரெஸ்லிங் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே சொன்னார்கள். அமெரிக்காவில் சிக்காரா என்ற குழு அந்த மாதமே மூடப்பட்டது. அடுத்த வருடம் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் குழு ஒன்று இந்தத் தொழிலைப் பற்றி அறிக்கையே எழுதியது. வாய்ப்புத் தருகிறவனும் பழக்குகிறவனும் காரில் கூட்டிக்கொண்டு போகிறவனும் ஒரே ஆளாக இருக்கிற இடத்தில் தனியே நிற்காதே. ஏதாவது சரியில்லை என்று பட்டால் அன்றைக்கே இறங்கி வா. அம்மாவிடம் சொல்ல ஏலாவிட்டால் எனக்கு எடு, இங்கே என்ன நேரம் என்று பார்க்காதே.

பெண் பிள்ளைக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு நான் அதிகம் நேரம் செலவழிக்கப் போவதில்லை. மலேசியாவில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் ஆடுகிற நோர் டயானா, ஹிஜாப்போடு றிங்கில் ஏறுகிறவள், 2019 இல் நாலு ஆண்களை மடக்கிப் பட்டம் எடுத்தாள். தொடக்கத்தில் யாரென்று தெரியாமல் இருக்க முகமூடி போட்டிருந்தவள். அந்தளவு தூரமும் போகவேண்டாம். இங்கே பக்கத்தில், புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை எடு. ஆறு அடி பத்து அங்குலம். அந்த உயரத்துக்காக இந்த ஊர்ச் சனம் எத்தனை கதை கதைத்தது என்பதை நான் என் காதால் கேட்டவன். “ஆர் கட்டுவினம்?” என்பதுதான் எல்லாக் கதையின் முடிவும். அதே உயரத்தோடு அவ இலங்கைக்கு ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் எடுத்துத் தந்தா. அவுஸ்திரேலியாவிலும் கழகத்துக்கு விளையாடக் கூப்பிட்டார்கள். 2019 இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில், நாற்பது வயதில், போட்டியிலேயே கூடுதலான கோல் அவவுடையது. அவ நெடுங்காலம் வங்கி அணிக்கு விளையாடியவ என்பதையும் கவனி. நான் வேலையை விடாதே என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மண்ணில் உடம்பை வைத்துத் தனியே துணிந்தவர்கள் என்றால் எனக்கு வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன்தான் முதலில் ஞாபகம் வருவார். 1971 இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். எத்தனையோ உலக சாதனை. 1984 ஆவணியில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினவர் உயிரோடு கரைக்கு வரவில்லை. கொம்மா அந்தக் காலத்தில் பேப்பரில் வந்த அவருடைய படத்தை வெட்டி வைத்திருந்தவ. அவ உன்னைப் பார்த்து அழும்போது ரெஸ்லிங்கை மட்டும் பார்த்து அழவில்லை என்பதை நீ விளங்கிக்கொள்ளவேண்டும்.

இப்போது அம்மாவோடு கதைத்த கதை. இரண்டு மணித்தியாலம். மயான காண்டத்தை ஞாபகப்படுத்தினேன், பாட்டில் ஒரு துண்டைப் பாடியும் காட்டினேன், பாடாதே என்றா. வேலையை விடமாட்டாய் என்று உன் சார்பில் நான் வாக்குக் குடுத்திருக்கிறேன். நீ விடுவதென்றால் முதலில் எனக்குச் சொல்லிவிட்டு விடு. அவ ஆட்டம் பார்க்க வரமாட்டா, அது முடிவு. ஆனால் மூக்குத்தியைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்லு, காதிலும் ஒன்றும் வேண்டாம், தலைமயிரை இறுக்கிப் பின்னட்டும் என்றா. தங்கத்தைப் பற்றியும் மயிரைப் பற்றியும் கதைக்கத் தொடங்கிவிட்டா என்றால் பாதி வந்துவிட்டா.

கொப்பர் அடுத்த நாள் தனியே எனக்குப் போன் எடுத்தார். அம்மா குளிக்கிற நேரம் பார்த்து எடுத்திருக்கிறார். கார்த்திகை மாத ஆட்டத்துக்கு ரிக்கற் என்ன விலை, கார் விட இடம் இருக்கா, முன்வரிசையில் இருந்தால் மேலே வந்து விழுவினமா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். விபரத்தை நீயே அவருக்கு அனுப்பு, வீட்டு நம்பருக்கு இல்லை, அவருடைய வேலைத்தள நம்பருக்கு.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: சேலை கட்டி ஆடுவதென்றால் உள்ளே முழங்கால் வரைக்கும் இறுக்கமான காற்சட்டை போட்டு, மடிப்பைத் தைத்து, இழுத்தால் முழுவதும் ஒரே இழுவையில் கழன்று வருகிற மாதிரி வெல்க்ரோ வைக்கச் சொல். கழுத்தைச் சுற்றி ஒன்றும் வரக்கூடாது. மாமி, எதிராளி நல்லாய் அடித்த பிறகுதான் சேலையைக் கழற்றி எறியவேண்டும், அதற்கு முன்னம் இல்லை.